அத்தியாயம் 11: அறுபத்து நாலு கையெழுத்து

போன வாரம் கடைசி வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு விழுந்ததோடு விட்டிருந்தோம். அந்தக் கோடு இந்த வாரமும் அங்கேயேதான் இருக்கிறது. அக்கா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள், பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் சுரண்டினாள். சுவரில் இருந்த வெள்ளைப் பூச்சு போனது. கோடு போகவில்லை.

கோட்டின் கதை இவ்வளவுதான். நகரத்தின் ஓரத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற இந்தக் குடியிருப்புக்குப் பதினாலு வருஷம் கழித்து ஒரு பஸ் வரப்போகிறது. வருகிற பஸ் திரும்பிப் போக வேண்டும். திரும்ப இடம் வேண்டும். அந்த இடம், கடைசித் தெருவின் கடைசி வீட்டு முன் அறை. அளந்து பார்த்துப் பதினோரு அடி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

முன் அறை போனால் வீடு போகாது. சமையலறை இருக்கும், படுக்கையறை இருக்கும். ஆனால் அக்காவின் பிழைப்பு முழுக்க அந்த முன் அறையில்தான். கணவர் இறந்த அடுத்த வருஷம் அவள் அங்கே குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தாள். இன்றைக்குப் பன்னிரண்டு குழந்தைகள். முழங்கால் உயரத்தில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு பை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்பது வருஷமாக வந்துபோன பிள்ளைகளின் உயரம், பென்சில் கோடுகளாக. சிவப்புக் கோடு அந்தச் சுவரின் மறுபக்கம்.

அக்காவின் தம்பி பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் அவன்தான். நகரத்து உயரக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன், தெருவிளக்குக்கு மனுப் போட்டு இரண்டு வருஷம் காத்திருந்தவன். அவன் மனைவி நகரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தெருவே அவளை டைப்பிஸ்ட் என்றுதான் சொல்லும், நாமும் அப்படியே சொல்வோம்.

இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத டைப்பிஸ்ட், "நான் லீவு போட்டுப் பிள்ளைங்களைப் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க" என்று தானாக முன்வந்தது போன வாரம் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அக்காவுக்கும் ஆச்சரியம்தான். காரணம் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் குழந்தைகள் வந்துவிட்டார்கள். வழக்கம்போல முதல் வருகை நர்ஸம்மாவின் மகள். தூக்கம் கலையாமல் தோளில் கிடந்த பிள்ளையை அக்கா கைமாற்றிக்கொண்டாள்.

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சுக்கா. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்."

"ஓடு. பால் நான் குடுத்துக்கறேன்."

எட்டரைக்குத் தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். அலமாரி மேலே இருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்தான்.

இந்த டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே குடியிருக்கிறவர்கள் விடிந்தும் விடியாமல் கிளம்பி இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள். மனுவில் கையெழுத்து வாங்க ஆளே கிடைக்காது. அக்காதான் வழி சொன்னாள். "நீ வீடு வீடா அலையாதே. பிள்ளையை விட வரும்போதும் கூப்பிட வரும்போதும் நானே வாங்கி வைக்கறேன். தெருக்காரங்க மத்தவங்களையும் இங்கயே வந்து போடச் சொல்லு." அன்றிலிருந்து வெறும் தாளில் கதவு எண், பெயர், கையெழுத்து. மேலே ஒன்றும் எழுதியிருக்காது. மூன்று தாள் ஒரு செட். தேவை வரும்போது மனுவை டைப் செய்து, பின்னால் ஒரு செட்டைச் சேர்த்துக் குத்தினால் வேலை முடிந்தது. தண்ணீருக்கு, நாய்த் தொல்லைக்கு, தெருவிளக்குக்கு, எல்லாவற்றுக்கும் இதே டின்தான். எப்போதும் முதல் கையெழுத்து அக்காவுடையது.

"ரெண்டு செட் இருக்கணுமே. ஒண்ணுதான் இருக்கு" என்றான் தம்பி.

"நாய் மனுவுக்குப் போயிருக்கும்" என்றாள் டைப்பிஸ்ட், ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி.

"அது மழைக்கு முன்னாடி இல்ல?"

"எனக்கென்ன தெரியும், நான்தானா செயலாளர்?"

இருந்த செட்டைத் தம்பி பைக்குள் வைக்கப் போனான். அக்கா தடுத்தாள். "மொதல்ல போய் விஷயம் என்னன்னு பாப்போம். மனு அப்புறம்."

தாள்கள் டின்னுக்குள் திரும்பிப் போயின.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை, கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"கதவு சென்சார்தான் போயிருக்கு. அரை மணி நேர வேலை."

"நம்ம வேலையைப் பாருடா" என்று அக்கா படியேறினாள்.

விரலில் ரப்பர் உறை மாட்டியிருந்த கிளார்க் நல்ல மனிதர். இப்படிப்பட்ட இடத்தில் நல்ல மனிதர் உட்கார்ந்திருந்தால் கஷ்டம் அதிகம், கத்தவும் முடியாது. அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கோப்பைத் தேடி எடுத்தார்.

"கடைசித் தெரு, கடைசி வீடு. ஆமாம்மா. இது எடுத்தாச்சு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றான் தம்பி. சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரல் அது.

"உங்களைக் கேட்டுத்தான் சார். நீங்க குடுத்த மனுதானே இது?"

கோப்பைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார்.

மனு அழகாக டைப் செய்யப்பட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. எங்கள் குடியிருப்புக்குப் பேருந்து வசதி வேண்டும். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் தினமும் நடக்கிறோம். அதற்கடுத்து ஒரு வரி: பேருந்து திரும்புவதற்குக் கடைசித் தெருவில் தேவைப்படும் இடத்தை எடுத்துக்கொள்வதில் எங்களில் எவருக்கும் ஆட்சேபணை இல்லை.

பின்னால் மூன்று தாள், அறுபத்து நாலு கையெழுத்து. முதலாவது அக்காவுடையது.

அக்கா விரல் வைத்துப் பார்த்தாள். தாளின் மூலையில் வட்டமாக ஒரு கறை. பால் டம்ளர் வைத்த கறை. அதற்குப் பக்கத்தில் பச்சை கிரேயானில் ஒரு கிறுக்கல், நர்ஸம்மாவின் மகள் கிறுக்கியது. அன்றைக்கு அந்தக் குழந்தையின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பத்திரமாக டின்னில் வைத்தது அக்காவே.

"இந்த வரி இருந்ததாலதான் இவ்வளவு சீக்கிரம் நடந்தது" என்றார் கிளார்க். "இல்லாட்டி இடம் தேடவே நாலு வருஷம் ஆகும்."

"நான் எழுதலைக்கா" என்றான் தம்பி. குரல் வீட்டுக் குரலாகிவிட்டது.

"தெரியும்."

மனுவின் கடைசி வரி, 'தங்கள் மேலான ஒத்துழைப்பை என்றும் நாடும்' என்று முடிந்திருந்தது. காப்பகச் சுவரில் ஒட்டியிருக்கும், டைப்பிஸ்ட் அடித்துக்கொடுத்த விதிமுறைத் தாளும் அப்படித்தான் முடியும். பிள்ளைகளுக்கு நகம் வெட்டி அனுப்பவும், தங்கள் மேலான ஒத்துழைப்பை என்றும் நாடும். தினமும் பார்க்கிற எழுத்து. தம்பியும் பார்த்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்கள்.

"வேற எடம் பாக்க முடியாதா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் மின்சாரக் கோபுரம். உங்க வீட்டு முனைதான் இருக்கு. நஷ்டஈடு விஷயம் வேற மேஜைம்மா, அதை நான் பேசக்கூடாது."

"நிறுத்தறதுக்கு வழியே இல்லையா?"

கிளார்க் ரப்பர் உறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரே வழி. மனுப் போட்ட இதே ஆளுங்க, எங்களுக்குப் பஸ் வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். நாளைக்கு மூணு மணி வரைக்கும் நான் வாங்கலாம். அதுக்கப்புறம் கோப்பு மேல போயிடும், என் கையில இல்ல."

திரும்பும்போது மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. மணி இரண்டு. வெயில் உச்சியில் அடித்தது.

அக்கா அந்த வழியில் நடந்து வருஷக்கணக்காகிறது. அவள் வேலை வீட்டிலேயே. காய் வண்டி வாசலுக்கு வரும், மருந்தைத் தம்பி வாங்கி வருவான். காலையில் ஆட்டோவில் போனபோதும் சிவப்புக் கோட்டு நினைப்பில் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் மனசில் அந்த ரோடு இன்னும் பழைய ரோடாகவே இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் தகர வேலி, வேலிக்குப் பின்னால் எழும்புகிற கட்டடங்கள், நிற்க ஒரு நிழல் இல்லை. லாரி வரும்போதெல்லாம் புழுதிக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்க வேண்டியிருந்தது.

முதல் தடவை நின்றபோது, "செருப்புல கல்லு" என்றாள். இரண்டாம் தடவை தகர வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கையில் ஒரு பர்ஸைத் தவிர அவளிடம் சுமை இல்லை. விடிந்தும் விடியாமல் குழந்தையைத் தன்னிடம் விட்டுவிட்டு இதே வழியில் வேலைக்கு ஓடி, இருட்டும்போது இதே வழியில் திரும்புகிறவர்களை அவள் ஒன்பது வருஷமாக வாசலில் நின்று வரவேற்றிருக்கிறாள். அவர்கள் எப்படிப் போய் வருகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வெட்கமும் வெயிலும் சேர்ந்து அவளை அழுத்தின.

"அவகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான் தம்பி, வீடு தெரிகிற தூரத்தில்.

"நீ பேசாதே. நீ பேசினா சண்டையாகும். பிள்ளைங்க தூங்கற நேரம்."

பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"எங்க வக்கீல் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி சேர்த்தா மனு வேகமாப் போகும்னு. எடம்னா ரோட்டோரப் புறம்போக்கு எடுப்பாங்கன்னு நினைச்சேன். சத்தியமா வீடு வரைக்கும் வருவாங்கன்னு தோணலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக.

"சொன்னா கூட்டம் போடுவீங்க. கூட்டத்துக்கு யாரும் வர மாட்டாங்க. அடுத்த மாசம் மறுபடி கூட்டம் போடுவீங்க." அவள் குரலும் தூங்குகிற குழந்தைகளுக்காகத் தாழ்ந்தே இருந்தது. அந்த அறையில் யாருக்கும் கத்திச் சண்டை போடக்கூட வழியில்லை. "எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சுங்க. டாக்டர் நடக்காதேங்கறார். நடக்காம நான் எப்படி வேலைக்குப் போறது? அதனாலதான் பண்ணினேன். அண்ணி, என்னை அடிச்சாலும் சரி."

அக்காவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவளும் அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தவளால் அந்த முழங்காலைக் குறை சொல்ல முடியவில்லை. பாழாய்ப்போன அந்த நடையை இன்றைக்கு நடக்காமல் இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

"தாள் என் வீட்டு டின்ல இருந்தது. கையெழுத்து நான் வாங்கி வெச்சது. உன்னை அடிச்சா என்னையும்ல அடிக்கணும்" என்றாள்.

ஐந்தரை மணிக்குத் தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கையில் புது வெள்ளைத் தாள். இந்தத் தடவை மேலே முதலில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து என்று முடிவு. 'எங்களுக்குப் பஸ் வேண்டாம்' என்று தெளிவாக எழுதியிருந்தான். எழுதும்போது அவனுக்கே கை ஓடவில்லை.

முதலில் வந்தவர் ஒரு குழந்தையின் அப்பா, நகரத்தில் சமையல் வேலை பார்க்கிறவர். படித்தார். பேனாவை வாங்கவில்லை.

"வேற எதுல வேணா போடறேன் சார். முன் அறையை எடுக்காதீங்க, பஸ் மட்டும் விடுங்கன்னு எழுத முடியாதா?"

"அப்படி எழுதினா வாங்க மாட்டாங்க."

"அப்ப எப்படி சார்?"

அடுத்தவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்கடுத்தவர் போனில் பேசுவதுபோலப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார், போன் பைக்குள் இருந்தது. எல்லோரும் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வருத்தம்தான்.

நர்ஸம்மா வந்தபோது ஆறு மணி. தாளைப் படித்துவிட்டு அக்காவிடம் நேராகப் போனாள். அந்த நேர்மை அவளிடம் எப்போதும் உண்டு.

"அக்கா, என் பொண்ணு முதல் வார்த்தை பேசினது இந்த ரூம்ல. நீங்க என்ன கேட்டாலும் செய்வேன். ஆனா பஸ் வேணாம்னு எழுத என்னால ஆகாதுக்கா. போன வாரம் இருட்டுல ஒருத்தன் பாதி தூரம் பின்னாலயே வந்தான். வீட்ல கூடச் சொல்லலை."

"போட வேண்டாம்மா" என்றாள் அக்கா.

"பிள்ளைங்களை எங்க விடறதுன்னும் தெரியலை. இது போனா நான் வேலையை விடணும். பஸ் வந்தாலும் அதுல ஏறிப் போக எனக்கு வேலை இருக்காது." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆறேகால் மணிக்குத் தாளில் இரண்டு கையெழுத்து. ஒன்று தம்பியுடையது. மற்றது மூன்றாம் தெருவில் சொந்தக் கார் வைத்திருப்பவர் போட்டது. பஸ் வந்தால் தெருவில் காரைத் திருப்ப இடைஞ்சல் என்று அவராகவே வந்து போட்டார். அக்கா போடவில்லை. தம்பி நீட்டியபோது, "அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி வீட்டுக்குப் போனதும் டைப்பிஸ்ட் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினாள். மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

"இதுல ஒரு செட் இருக்கு அண்ணி. போன மாசம் போட்டது. அறுபத்தோரு பேர்." தாள்களை எடுத்து வைத்தாள். "மேல நான் டைப் பண்ணிச் சேத்துட்டா நாளைக்கு மூணு மணிக்குள்ள குடுத்துடலாம். நான் பண்ணினதை நானே சரி பண்ணிடறேன்."

அக்கா தாளைப் பார்த்தாள். முதல் வரியில் அவள் கையெழுத்து. இரண்டாவது வரியில் நர்ஸம்மாவுடையது.

"அவங்க யாரும் பஸ் வேணாம்னு சொல்லலியே" என்றாள்.

"நீங்களும்தான் ரூமை எடுத்துக்கோன்னு சொல்லலை அண்ணி."

தாள் பறக்காமல் இருக்க அக்கா பால் டம்ளரை அதன்மேல் வைத்தாள். "வெச்சிட்டுப் போ. யோசிக்கணும்."

அப்போது தெருவில் சத்தம் கேட்டது. கூப்பிட ஆள் வராத இரண்டு குழந்தைகள் பாக்கி இருந்தார்கள். இரண்டும் வாசலுக்கு ஓடின.

பஸ் வந்திருந்தது. புது பஸ், உள்ளே ஆள் இல்லை. முன் கண்ணாடியில் 'சோதனை ஓட்டம்' என்று ஒரு அட்டை. வீட்டு வாசல்களில் எல்லாம் ஆள் நின்று பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை, கடைசி வீட்டில் அக்கா நின்றிருந்ததால். குழந்தைகளுக்கு அந்த இங்கிதம் தெரியாது. குதித்துக் குதித்துத் தட்டின.

சிவப்புக் கோட்டுக்கு முன்னால் வந்து பஸ் நின்றது. திரும்ப முடியாது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா, ரிவர்ஸ்லதான் போகணும். பின்னாடி பிள்ளைங்க யாராவது நிக்கறாங்களா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பிள்ளைகள் என்ற வார்த்தை போதும். இரண்டு குழந்தைகளையும் கதவுக்குள் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அக்கா தெருவில் இறங்கினாள். பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று கையை அசைத்தாள்.

"வரலாம். வரலாம். இடது பக்கம் கொஞ்சம் ஒடிங்க. நில்லுங்க, சைக்கிள் இருக்கு. இப்ப வரலாம்."

தெருமுனைவரை அப்படியே பின்னால் நடந்து பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டாள். டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. அடுத்த மாசம் இந்தத் தொந்தரவு இருக்காது. அந்தக் கோடியில ஒரு ரூம் நீட்டிட்டு இருக்கு பாருங்க, அதை எடுத்துடறாங்களாம்."

"ஆமாம்" என்றாள் அக்கா. "பாத்துப் போப்பா."

அவள் திரும்பி நடந்து வந்தபோது தெருக்காரர்கள் உள்ளே போயிருந்தார்கள். கதவைத் திறந்தாள். குழந்தைகள் இரண்டும் ஜன்னல் திட்டில் ஏறி நின்று பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. டைப்பிஸ்ட் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

மேஜைமேல் பால் டம்ளர் இருந்தது. தாள்கள் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், தம்பி வீட்டில், பிரிண்டர் ஓடத் தொடங்கியது. கிர்ரென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. 'பஸ் வேண்டாம்' மனுவின் ஒரு பக்கம் வந்திருக்கும்.

போய் நிறுத்தப் பத்து அடிதான். ஒரு சத்தம் போட்டால்கூடப் போதும், ஒரே சுவர்தானே, கேட்கும். காலையில் ஆறு மணிக்கு நர்ஸம்மா வருவாள். தோளிலிருந்து பிள்ளையைக் கைமாற்ற வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அத்தே, பஸ் நாளைக்கும் வருமா?" என்று கேட்டது ஜன்னலில் இருந்த ஒரு குழந்தை.

அக்கா எழுந்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பிரிண்டர் இரண்டாவது பக்கத்தை இழுக்கும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.